செல்வகணேஷுக்கு விட்ட இடம்

மேடையில் கவிதை வாசிப்பதற்கு நானும் செல்வகணேஷும் ஒரு முறை வைத்திருந்தோம். அவன் தமிழில் ஒரு வரி சொல்வான். அதே வரியை நான் மலையாளத்தில் சொல்வேன். பிறகு அவனுடைய அடுத்த வரி. இருவருக்கும் ஒரே மைக். அவன் முறை வரும்போது மைக்கின் கழுத்தை இடது பக்கம் திருப்பிக் கொடுப்பேன். என் முறைக்கு என் பக்கம் இழுத்துக்கொள்வேன். திருவனந்தபுரத்துக் கூட்டங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், மீதிப் பேர் புரிந்ததுபோல் தலையாட்டுவார்கள். அதனால் எங்கள் முறைக்கு நல்ல பெயர் இருந்தது.

இதில் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். மேடையில் நின்றுகொண்டே வரியை மாற்றிவிடுவான். அச்சில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. கவிதை முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விடும்போது புதிதாக ஒரு வரியைச் சேர்ப்பான். என் கையில் இருக்கும் மலையாளத் தாள் அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற நிலையில் அதை மலையாளமாக்க வேண்டும். வருகிற கோபத்துக்கு மைக்காலேயே அவன் மண்டையில் ஒன்று போடலாம் போலிருக்கும். கீழே இறங்கி வந்து கேட்டால் சிரிப்பான். "மாமி தாளப் பாத்துக்கிட்டே ஒறங்கிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்" என்பான். நான் அவனுக்கு மாமி இல்லை. அவனைவிடச் சில வயது மூத்தவள், அவ்வளவுதான். கரமனை அக்ரகாரத் தெருவில் பிறந்த குற்றத்துக்காகக் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டான்.

அவன் பிறந்தது போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வீட்டில். அவனுடைய அம்மா கொழுந்து பறித்தவள். எஸ்டேட் நொடித்த பிறகு கீழே இறங்கி வந்து ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டினான். காலையில் கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு, வண்டியை ஏதாவது மரத்தடியில் போட்டு, ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதுவான். எழுதியதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவான். நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பாலிசி விண்ணப்பங்களுக்கு நடுவே போனை வைத்துக்கொண்டு படிப்பேன். எனக்கும் கவிதை எழுத வரும். என் பெயரிலும் ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. அதன் பிரதிகள் பதிப்பாளர் யூசுப்பின் அறையில் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அவனுடையதை மொழிபெயர்க்க ஆரம்பித்த பிறகு என்னுடையதை எழுதுவது குறைந்துபோனது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

போன மழைக்காலத்தில் அவனுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேன் ஓட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. அந்த வாரத்திலேயே போய்விட்டான். நாற்பது வயது கூட ஆகவில்லை. மனைவி சுஜா மட்டும் மிச்சம். குழந்தைகள் இல்லை.

நினைவுக் கூட்டம் பாளையம் பக்கம் ஒரு வாசகசாலையில் நடந்தது. என்னை வாசிக்கச் சொன்னார்கள். அவன் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த நீண்ட கவிதையை எடுத்துப் போயிருந்தேன். அவன் அம்மா இறந்த நாளைப் பற்றியது. லயத்து வீடு, விடாத மழை, வாசலில் குடையோடு நிற்கிற ஆட்கள், வெளியே எடுத்துப் போக முடியாமல் உள்ளே கிடக்கிற உடல். கவிதை பாதியில் நின்றுபோயிருந்தது. 'மழை விடட்டும் என்றார்கள். அம்மா காத்திருந்தாள்.' அதற்கு மேல் அவன் எழுதவில்லை.

மேடை ஏறினேன். யோசிக்காமலே கை மைக்கை இடது பக்கம் திருப்பிவிட்டது. திருப்பிவிட்டு நிற்கிறேன். அவன் முதல் வரியைச் சொல்ல வேண்டும், பிறகு நான் சொல்ல வேண்டும். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது. என்ன செய்துவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. மைக்கை அவசரமாக என் பக்கம் இழுத்து மலையாளத்தில் முதல் வரியை வாசித்தேன். இரண்டாவது வரிக்கு முன்னால் கை மறுபடியும் அதையே செய்தது. சரி, இப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவனுக்கு ஓர் இடம். அந்த இடத்தில் அவன் வரியை நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். கூட்டம் அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. வாசித்து முடிக்க வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது.

'அம்மா காத்திருந்தாள்' வரைக்கும் வந்துவிட்டேன். கவிதை அவ்வளவுதான். ஆனால் கை நிற்கவில்லை, மைக்கை மறுபடி இடது பக்கம் திருப்பியது. அப்போதுதான் அவன் தொண்டையைச் செருமினான்.

அது ஹாலில் யாரோ செருமியதல்ல. அவன் பக்கத்தில் நின்று வாசிக்கும்போது என் இடது காதுக்கு மட்டும் எப்படிக் கேட்குமோ, அப்படிக் கேட்டது. அதன் பிறகு, அவசரமே இல்லாமல், அவனுடைய குரலில் ஒரு வரி: 'கொடியில் கிடந்த சேலை காயவில்லை. அவள் தோள் அதற்குள் அப்படியே இருந்தது.'

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் பாருங்கள், வாய் அதன் வேலையைச் செய்தது. மைக்கை இழுத்து, அந்த வரியை மலையாளத்தில் சொன்னேன். எத்தனை மேடைகளில் இந்தக் குரங்கு வேலையைப் பழக்கி வைத்திருந்தான்! தாளில் இல்லாத வரி என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. கீழே இறங்கியதும் ஒரு விமர்சகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மௌனம் ஒரு பெரிய நிகழ்த்துகலை என்றார். பழம்பொரியைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

அன்றிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நேர்ந்துகொண்டவள்போல் ஆகிவிட்டேன் நான். யார் கூப்பிட்டாலும் போனேன். கல்லூரித் தமிழ்ச் சங்கம், பாங்கு ஊழியர்களின் கலைவிழா, அடுக்குமாடிக் குடியிருப்பின் ஓணக் கொண்டாட்டம். திருவாதிரைக்களி நடனத்துக்கும் வடம் இழுக்கிற போட்டிக்கும் நடுவே பத்து நிமிடம் கொடுத்தாலும் போய் நின்றேன். ஏனென்றால் வீட்டில் அவன் வரமாட்டான். முயன்று பார்த்திருக்கிறேன். பூஜையறைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கரண்டியை மைக்காக வைத்துக்கொண்டு வாசித்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. மேடை வேண்டும், ஆட்கள் வேண்டும், மைக்கை அவன் பக்கம் திருப்ப வேண்டும். அப்படிச் செய்தால் வந்தான். எல்லா இடத்திலும் அல்ல, சில இடங்களில். வந்தால் ஒரு வரி கொடுத்தான். பஸ்ஸில் கரமனைக்குத் திரும்பும்போது அதை மறக்காமல் போனில் தட்டி வைத்துக்கொள்வேன்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு அவன்மேல் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. அதைவிடப் பெரிய தொந்தரவு. என் வாயில் வருகிற மலையாளத்துக்குப் பின்னால் அவன் தமிழ் நின்றுகொண்டிருந்தது. அது போனால் நான் வெறும் பாலிசி குமாஸ்தா. ஒவ்வொரு கூட்டத்துக்கும் போகும்போது எனக்கு இருந்த பயம் ஒன்றுதான்: இன்றைக்கு அவன் வராமல் இருந்துவிடுவானோ? வருகிற வரைக்கும் அவன் முழுக்கச் சாகவில்லை என்று நம்பினேன்.

எல்லாக் கூட்டத்துக்கும் சுஜாவும் வந்தாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, கடைச் சீருடைச் சேலையோடு அப்படியே வந்து, பின்வரிசை ஓரத்தில் உட்காருவாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, படித்ததெல்லாம் மலையாளம். கவிதையில் அக்கறை இருந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. அவன் உயிரோடு இருந்தபோது, "இத வச்சு கேஸ் சிலிண்டர் கிட்டுமா?" என்று என் எதிரிலேயே கேட்டிருக்கிறாள். செத்தவனின் மனைவி வர வேண்டும் என்பதற்காக வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் என்னிடம் "போயிட்டு வாறேன் அக்கா" என்பாள். வேறு பேச்சில்லை.

சாம்பல் வரி வந்தது ஒரு கல்லூரி அரங்கத்தில். பெருமழை, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தார்கள். கவிதையின் கடைசியில் மைக்கைத் திருப்பிக் காத்திருந்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பையன்கள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது காதருகே, மிகவும் தணிந்து: 'சாம்பல் இவ்வளவு சூடாக இருக்குமென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.'

அதை மலையாளத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏனென்றால் அந்தச் சூடு எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் என் அம்மா போனபோது ஆண்பிள்ளை என்று யாரும் இல்லை, நான் ஒருத்திதான். பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. சடங்கு செய்த வாத்தியார் முணுமுணுத்தார், நான் காதில் வாங்கவில்லை. காலையில் போய் நானே அஸ்தியை வாங்கிக்கொண்டேன். மண்கலயத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திருவல்லம் வரைக்கும் போனேன். துண்டைத் தாண்டி, புடவையைத் தாண்டி, தொடை வரைக்கும் அந்தச் சூடு இறங்கியது. ஆற்றில் கரைக்கும்போது கூடக் கலயம் வெதுவெதுப்பாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செல்வகணேஷிடமும்தான். அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். அவனும் தன் அம்மாவை அப்படி ஏந்தியிருக்கிறான், அதனால்தான் அவன் வரிகள் என் வாயில் இவ்வளவு சரியாக உட்கார்ந்தன என்று நினைத்தேன். மூன்று வருஷமாக வராத அழுகை அன்று ராத்திரி முழுக்க வந்தது.

யூசுப்புக்கு எல்லா வரிகளையும் காட்டினேன். யூசுப்பின் பதிப்பகம் என்பது பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள ஓர் அறை. இரண்டு மொழிப் புத்தகம் மட்டும்தான் போடுவார்; இடது பக்கம் தமிழ், வலது பக்கம் மலையாளம். இடது பக்கம் காலியாக இருந்தால் வலது பக்கமும் காலி என்பது அவர் வைத்திருக்கும் சட்டம். செல்வகணேஷின் கடைசித் தொகுப்பை 'மழை விடட்டும்' என்ற பெயரில் தயார் செய்துகொண்டிருந்தார். புது வரிகள் எப்படிக் கிடைத்தன என்பதையும் சொன்னேன். யூசுப் பயப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. சாம்பல் வரியை இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தார்.

"சேச்சி, இதுதான் புக்கு. இந்த ஒரு வரியைப் பின்னட்டையில போடுகேன். மத்ததெல்லாம் இதுக்குக் கீழதான்."

"அவன் பேர்ல போடலாமா, யூசுப்?"

"பின்னே ஆருக்க பேருல? அவன் சொன்னான், நிங்க கேட்டிய. உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானே நடந்துது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுஜாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டிருங்க. உரிமை அவளுக்காக்கும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுஜா வீட்டுக்குப் போனேன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒற்றை அறையும் சமையல் மூலையும். சுஜா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பேக்கரி கொடுத்த காலண்டரில் அவன் காய்ச்சலில் படுத்த மாதமே இன்னும் தொங்கியது. "இருங்க அக்கா, சாயா இடட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். கூட்டங்களில் அவனுக்கு இடம் விட்டு வாசிக்கிறேன் அல்லவா, அந்த இடத்தில் அவன் வந்து சொல்கிறான் என்றேன். சொல்லும்போதே இது ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்கிற விஷயமா என்று கூச்சமாக இருந்தது. சுஜா கஞ்சித் தண்ணீர்ப் பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திகைப்பு மாதிரி இல்லை. வேறென்னவோ மாதிரி இருந்தது.

"அவரு உங்ககிட்ட என்ன சொல்லுதாரு?" என்றாள்.

ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். சேலை வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் இருந்த கஞ்சியை யார் இறக்கினார்களோ என்றொரு வரி, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பல் வரியை வாசித்தேன்.

"சாம்பலா? ஆருக்க சாம்பல்?"

"அவனோட அம்மாவோடது."

"எங்க மாமியாரை எரிக்கல்லியே அக்கா." பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "போனக்காட்டுல எங்க ஆளுகள எரிக்கிற பழக்கமே இல்ல. பொதைக்கதுதான். லயத்துக்குக் கீழ, தேயிலைக்கு எடையில. அன்னைக்கி மழையில குழி தோண்டத் தோண்டத் தண்ணி நெறஞ்சுதாம். சாக்குல மண்ணை வாரிப் போட்டும் நிக்கல்ல. இவருதான் குழிக்குள்ள எறங்கி, பிஸ்கட் டின்னால தண்ணியக் கோரிக் கோரி வெளிய ஊத்தியிருக்காரு. அம்மையக் கெடத்துற வரைக்கும் கோரியிருக்காரு. கடைசி வரைக்கும் மழை பேஞ்சா கைய இப்படிப் பிடிச்சுக்கிடுவாரு." தன் வலது கையை இடது கையால் பிடித்துக் காட்டினாள். "அத விட்டுட்டு சாம்பல்னு சொல்லுவாரா? அது அவரு இல்ல அக்கா."

எங்கள் தெருவில் ஒருத்தர் போனால் அடுத்து என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. எரிப்பது, அஸ்தி, திருவல்லம். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் போவார்கள் என்று நான் நினைத்ததாகக் கூடச் சொல்ல முடியாது, நினைக்கவே இல்லை. இத்தனை வருஷம் அவன் அம்மாவைப் பற்றிய கவிதைகளை வரி வரியாகப் பெயர்த்தவள், அவளை எங்கே வைத்தார்கள் என்று ஒரு தரம் கேட்டதில்லை. அந்த வரி என் மடியிலிருந்து வந்திருக்கிறது. அது மட்டுமா? சேலை என் அம்மாவுடையது, எங்கள் வீட்டு மாடிக் கொடியில் கிடந்தது. கஞ்சி இறக்கியது பக்கத்து வீட்டு லலிதாம்பாள் மாமி. எல்லாம் என்னுடையது. அவனுடைய குரலைப் போட்டுக்கொண்டு நான்தான் எனக்குப் பேசிக் காட்டியிருக்கிறேன். அவனாக இருந்தால் அந்தக் குழியைச் சொல்லியிருப்பான்.

சுஜா வேறென்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்கிற நிலையில் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். கரமனைப் பாலம் வரைக்கும் நடந்தே வந்தேன். செத்தவன் மேலும் கோபம், என் மேலும் கோபம். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவன் போய்விட்டான் என்று சொன்னபோது வந்திருக்க வேண்டிய துக்கம், பாலத்து நடைபாதையில் பஸ்கள் உரசிக்கொண்டு போகும்போது வந்தது. அவன் செத்துப்போய் ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு ஒருவர் சொன்னது மாதிரி இருந்தது.

யூசுப்பிடம் எல்லாப் புது வரிகளையும் எடுக்கச் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது அவருக்கு. "கவிதை பாதியில நிக்குதே சேச்சி" என்றார்.

"அவனும் பாதியிலதான் நின்னான்."

"அப்பம் அந்தச் சாம்பல் வரியை உங்க பேருல ஒரு கவிதையாட்டு எழுதித் தாங்க. அதை விடப்பிடாது."

"எனக்குத் தோணறச்சே எழுதறேன். என்னைப் பிடுங்காதேள்" என்றேன். கோபம் வந்தால் எனக்கு வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

புத்தக வெளியீட்டு விழா பாளையத்து வாசகசாலையிலேயே, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இந்த முறை ஒழுங்காக நடந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு செத்த மனிதனை மேடையில் நிறுத்தி வேடிக்கை காட்டியது போதும். மைக்கை நேராக வைத்து, அது அசையாமல் இருக்கத் திருகாணியையும் இறுக்கினேன். முதலில் தமிழ்க் கவிதை முழுவதையும் நானே வாசித்தேன். பிறகு மலையாளம் முழுவதையும், ஒரே மூச்சில், எங்கும் நிற்காமல். 'அம்மா காத்திருந்தாள்' என்றதும் தாளை மடித்தேன். இடது காதில் ஒன்றும் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். வெறுமையாகத்தான் இருந்தது, ஆனால் நேர்மையாக இருந்தது. கைதட்டினார்கள். அந்த விமர்சகர் மட்டும் மௌனத்தைக் காணோமே என்று குறைப்பட்டுக்கொண்டார். மௌனத்துக்கு இன்றைக்கு லீவு என்றேன்.

எல்லாரும் சாயாவுக்கும் உளுந்துவடைக்கும் கீழே இறங்கினார்கள். சுஜா மட்டும் பின்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மடியில் இருந்தது, திறக்கவில்லை. அவளால்தானே இது சரியானது, ஒரு நன்றி சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னைக்கி ஏன் அக்கா இடமே விடல்ல?"

"நீதானே சொன்னே, அது அவன் இல்லைன்னு. அதான் நிறுத்திட்டேன்."

"உங்ககிட்ட வந்தது அவரு இல்லன்னுதானே சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. "என்கிட்ட வாறது அவருதான்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் புத்தகத்தின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நிங்க அந்தக் கம்பியத் திருப்பிட்டு வாய மூடுவியள்லா, அப்பம் வருவாரு. கவிதையொண்ணும் இல்ல. சிலிண்டருக்கு போன் விளிச்சுச் சொன்னியாடீம்பாரு. சம்பளம் கிட்டிச்சாம்பாரு. வீட்டு ஓனரு என்ன சொல்லுதான்னு கேப்பாரு. நான் மனசுக்குள்ள பதில் சொல்லுவேன். அதுக்குள்ள நிங்க வாசிக்கத் தொடங்கிருவிய. பின்னயும் நிங்க நிறுத்தும்போ மிச்சத்தச் சொல்லுவேன். அதுக்குத்தான் மொதலாளிக்க காலப் பிடிச்சு எல்லாக் கூட்டத்துக்கும் வந்தது. வீட்டுல வர மாட்டாரு அக்கா. நான் எத்தனை தடவை விளிச்சுப் பாத்தேன்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"நிங்க கவிதை சொல்லுதாருன்னு சொன்னிய. நான் எப்படி சிலிண்டர் காரியத்தைச் சொல்லுகது? நாணமாட்டு இருந்துது." கண்ணைத் துடைத்தாள். "ஓனரு ரூமை ஒழியச் சொல்லிட்டான். அதை அவருகிட்ட இன்னைக்கிச் சொல்லலாம்னு வந்தேன்."

எனக்குப் பொய்யாகிப்போனது அவளுக்கும் பொய்யாக இருக்க வேண்டும் என்று நானே தீர்மானித்துவிட்டேன். நேர்மை என்று நினைத்துக்கொண்டு திருகாணியை வேறு இறுக்கியிருக்கிறேன். திரும்பி மேடைக்குப் போனேன்.

காலி நாற்காலிகள். கீழேயிருந்து ஆட்கள் சிரிக்கிற சத்தம். மைக்கை அணைத்திருந்தார்கள், போட எனக்குத் தெரியவில்லை. திருகாணியைத் தளர்த்தி அதன் கழுத்தை இடது பக்கம் திருப்பினேன். திருப்பிவிட்டுச் சும்மா நின்றேன். நேரத்தை நான் முடிவு செய்யவில்லை, சுஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் லேசாகத் தலையசைத்ததும் என் பக்கம் இழுத்து மலையாளத்தில் முதல் வரியை வாசித்தேன். மறுபடி திருப்பினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செருமல் கூட இல்லை. இனிமேல் கேட்காது என்று தெரிந்துதான் நின்றேன்.

ஐந்தாவது ஆறாவது வரியில் சுஜாவின் உதடுகள் அசைந்தன. வேகமாக, குறை சொல்கிற மாதிரி, எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓரிடத்தில் நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சட்டென்று சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, புருஷன் சபையில் ஏதோ அசட்டுப் பேச்சுப் பேசிவிட்டால் பெண்டாட்டி சிரிப்பாளே, அப்படிச் சிரித்தாள். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவளிடம் கேட்கவில்லை.

யூசுப் வாசலுக்கு வந்து, ஹாலைப் பூட்ட வேண்டும் என்று சாவியைக் காட்டினார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். கவிதையில் ஒரு வரிதான் பாக்கி இருந்தது. மைக்கை அவன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். சுஜா இன்னும் தலையசைக்கவில்லை. அவள் பேசி முடிக்கட்டும் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.